எடையைச் சரியாகச் சொன்னவர்

"நல்லா இருக்கீங்களா?" என்று யாராவது கேட்டால், "ஏன், எங்களைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று திருப்பிக் கேட்பவர் எங்கள் தராசு அக்கா. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது என்பார்கள். அக்கா சூடே காணாமல் அடுப்பங்கரையைச் சுற்றிக்கொண்டு போகிற பூனை. கை கழுவப் போனாலும் மேசை இழுப்பறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போவார். அந்த இழுப்பறையில் ஒரு சீப்பும் தலைவலித் தைலமும் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

அவரோடு ஒரே அறையில் ஆறு வருஷம் உட்கார்ந்தவள் நான். அவருக்குப் பயணிகளை எடை போட்டு விமானம் வரைக்கும் அனுப்பிவைக்கிற வேலை, எனக்குப் போன் எடுக்கிற வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அடுத்தவர் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

எங்கள் கம்பெனியில் இரண்டு குட்டி ஜெட் விமானங்கள் இருந்தன. ஒன்றில் ஆறு பேர் உட்காரலாம். வாடகைக் கார் கூப்பிடுகிற மாதிரி போன் செய்து கூப்பிட வேண்டியதுதான். ரயிலில் ஒரு நாள் முழுக்கப் போகிற ஊருக்குக் காலையில் போய், பேரம் பேசி, மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆலை முதலாளிகள், வக்கீல்கள், இயந்திரம் விற்கிறவர்கள் என்று வருவார்கள். பெரிய விமான நிலையம் மாதிரி வரிசையோ கூட்டமோ கிடையாது. ஒரு நீள அறை, இரண்டு சோபா, ஒரு காபி மெஷின், ஒரு கண்ணாடிக் கதவு, அவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் ரன்வே.

சின்ன விமானத்துக்கு எடைதான் உயிர். யார் எவ்வளவு, பை எவ்வளவு என்று தெரிந்தால்தான் பைலட் எரிபொருள் கணக்கே போட முடியும். ஆகவே முன்பதிவின்போதே, "உங்க எடை என்ன சார்?" என்று நான் கேட்டாக வேண்டும். சம்பளத்தை ஏற்றிச் சொல்கிற அதே வாய் எடையை இறக்கிச் சொல்லும். போனில் எழுபத்தைந்து என்ற குரலுக்குச் சொந்தக்காரர் நேரில் வந்து உட்காரும்போது சோபா முனகும்.

இதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தார். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தரையோடு தரையாக ஓர் எடை மேடையைப் பதிக்கச் சொல்லி, அதன்மேல் ஒரு நீல விரிப்பைப் போட்டுவிட்டார். பயணி பையோடு வந்து கதவு திறக்கக் காத்து நிற்பார். கவுண்டருக்கு அடியில் சின்னத் திரையில் எண் ஓடும். எண் நிலைக்கிற வரை அக்கா கதவுப் பொத்தானை அழுத்த மாட்டார். "கதவு கொஞ்சம் மக்கர் பண்ணுது சார்" என்பார். இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் அது புரியவில்லை. ஊழியர்கள் வந்துபோகிற வழியும் அதுதான் என்பதால் எங்கள் எடையும் அவருக்கு மனப்பாடம். தான் மட்டும் அந்த விரிப்பை மிதிக்க மாட்டார். சுவரை ஒட்டி ஒருக்களித்து நடந்து, சுற்றிக்கொண்டுதான் போவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யார் வந்தார், யாரோடு வந்தார், எந்த ஊருக்குப் போனார் என்பது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. போட்டிக்காரர்கள் இருவர் ஒரே விமானத்தில் ஏறினார்கள் என்று தெரிந்தால் போதும், மறுநாள் ஊரில் நிலத்தின் விலை மாறிவிடும். அதனால் எங்களுக்குள்கூடப் பெயர் சொல்லிப் பேச மாட்டோம். எடையைத்தான் சொல்வோம். "நூத்தி நாலு வந்தாச்சு, காபி கொடு" என்றால் பக்கத்துப் பம்பு ஆலை முதலாளி வந்துவிட்டார் என்று பொருள். அவர் போனில் தொண்ணூறு என்பார். எங்களுக்கு அதிகமாக வருகிற வாடிக்கையாளர் அவர்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அக்கா என் காதோரம் குனிந்து, "எழுபத்தாறு இருக்காரே, அவருக்கு அந்த ஊர்ல இன்னொரு குடும்பம் இருக்கு. மாசாமாசம் போறது அதுக்குத்தான். மனசோட வெச்சுக்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுபத்தாறு ஒரு காகித வியாபாரி. சாது. அதைச் சொல்லாமல் வைத்திருப்பதற்குள் எனக்கு வயிறு உப்பிப் போனது. அம்மாவிடம் சொல்ல வாயெடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறேன். அதன் பிறகு அந்த மனிதருக்குக் காபி கொடுக்கும்போது நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததில்லை. அக்கா அதற்குப் பிறகு என்னிடம் எந்த ரகசியமும் சொல்லவில்லை. ஒருமுறை நம்பினாரே, அப்புறம் ஏன் நம்பவில்லை என்று எனக்கு வருத்தம்தான்.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அந்த மனிதர் வந்தார்.

அவருடைய முன்பதிவு என் போனுக்கு வரவில்லை. முதலாளியே நேரில் வந்து, "ஒருத்தர் காலைல நம்ம விமானத்துல வந்து இறங்குவார். சாயங்காலம் திரும்பிப் போவார். எதுவும் கேக்க வேண்டாம்" என்றார். எதுவும் கேட்க வேண்டாம் என்று சொன்னதுமே அக்காவின் புருவம் ஏறிவிட்டது. மாலையில் அவர் வந்து விரிப்பின்மேல் நின்றார். நின்றவர் கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு கவுண்டர் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"எண்பத்து மூணு. ஷூவோட சேத்து. பை ஒம்பது" என்றார். எங்களில் யாரும் கேட்கவே இல்லை.

திரையில் தொண்ணூற்றிரண்டு.

அக்கா பொத்தானை அழுத்த மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். விமானம் கிளம்பிப் போன பிறகு என்னிடம், "இவன் யாருடி?" என்றார்.

"உண்மை சொல்ற மனுஷன் ஒருத்தர் வரக் கூடாதா அக்கா?"

"எடைல உண்மை சொல்றவன் வேற எதையோ பெருசா மறைக்கறான். ஷூவப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அக்கா பார்த்திருந்தார். ஷூவின் ஓரமெல்லாம் கறுப்பு மணல். அந்த மணல் அக்காவுக்குப் புதிதல்ல. எங்கள் வேலிக்கு அடுத்த பம்பு ஆலையில் இரும்பு வார்க்கிற அச்சுக்குப் பயன்படுகிற மணல் அது. வெந்து வெந்து கறுத்துப் போயிருக்கும். அக்காவின் வீட்டுக்காரர் அங்கே வார்ப்புப் பட்டறையில் வேலை செய்தார். அவருடைய சட்டையிலிருந்து அந்த மணலைத் தினம் உதறுகிறவருக்குத் தெரியாதா?

அடுத்த முறை எண்பத்து மூன்று இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கையில் நிலம் அளக்கிற நீள டேப். அவர் ஷூவிலும் கறுப்பு மணல். அவரும் எடையைச் சரியாகச் சொன்னார்.

"ஒருத்தன் உண்மை சொன்னா தற்செயல். ரெண்டு பேர் சேந்து சொன்னா சதி" என்றார் அக்கா. "பட்டறைய அளந்து பாத்துட்டுப் போறாங்க. ஆலைய விக்கறான் நூத்தி நாலு."

அன்று அவர் முகத்தில் இருந்தது வழக்கமான சந்தேகம் இல்லை, பயம். ஆலை கைமாறினால் முதலில் வெளியே போகிறவர்கள் வயதான பட்டறைக்காரர்கள்தான். பட்டறை வேலை மட்டும் தெரிந்த மனிதரை அந்த வயதில் வேறு யார் எடுப்பார்கள்? அக்காவின் ஒரு சம்பளத்தில் அந்த வீடு ஓடாது. அது எனக்கும் தெரியும்.

அவர் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு நேர் எதிர். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிறவர். ஓட்டைக் குடையை விற்றவனிடமே போய், "மழை வந்தா ஒழுகுது, உங்களுக்கும் அப்படித்தானா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டு வந்தவர். அந்தச் சமயம் பார்த்து ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்திருந்தது. குழாய், மோட்டார், மின்விசிறி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சம்பளம் குறைவு. அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மாமாவுக்கு விருப்பமில்லை. மீசை முளைக்கிறதுக்கு முன்னாலிருந்து வேலை பார்க்கிற பட்டறை, விட மனசு வரவில்லை.

"போயிடுங்க" என்றாராம் அக்கா.

"ஏன்?"

காரணம் சொல்லாமல் அவரை அசைக்க முடியாது. அக்கா இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். மூன்றாம் நாள் சொல்லிவிட்டார், ஜெட்டில் வந்தவர்களையும் டேப்பையும் மணலையும். வாழ்க்கையில் ஒரு தடவை அவர் அந்த அறையின் பேச்சை வெளியே கொண்டுபோனார், அதுவும் கட்டின புருஷனிடம்.

மாமா ஆலையில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். போகும்போது, கூடவே வேலை செய்த நண்பனை அம்போ என்று விட்டுவிட்டுப் போக அவர் மனசு கேட்கவில்லை. "வேற வேலை ஏதாவது இருந்தா நீயும் பாத்துக்கப்பா. ஜெட்ல ஆள் வந்து அளந்துட்டுப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டார். நண்பனுக்கும் ஒரு நண்பன் இருந்தான். வாரம் திரும்புவதற்குள் ஆலை வாசலில் வேலையை நிறுத்திவிட்டுக் கூட்டம் நின்றது.

நூற்று நாலு போன் செய்தார். எடுத்தது நான்.

"யாரும்மா வித்தது? எனக்கே தெரியாம என் ஆலைய வித்தது யாரு? ஜெட்ல வந்தான்னு பேசறாங்க. உங்க ஜெட்தானே அது? இனிமே உங்க பக்கமே வர மாட்டேன், போ."

என்னால் "சார், சார்" என்றுதான் சொல்ல முடிந்தது.

அன்று பிற்பகல் முதலாளி எங்கள் எல்லோரையும் சோபா அறைக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் எண்பத்து மூன்று உட்கார்ந்திருந்தார். முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கம்பெனியை அவருக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார். விற்றது ஆலையை அல்ல, எங்களை. விமானம் நிறுத்துகிற ஹேங்கருக்குப் பின்னால் பள்ளமாகக் கிடந்த இடத்தை ஆலையின் கழிவு மணலைக் கொட்டித்தான் மேடாக்கியிருந்தார்கள். இன்னும் இரண்டு விமானங்களை நிறுத்த அந்த இடம் போதுமா என்று அளந்து பார்க்கப் போய்த்தான் ஷூவில் கறுப்பு மணல். எடையைச் சரியாகச் சொன்னதிலும் மர்மம் இல்லை. விமானம் வைத்துப் பிழைக்கிறவன் எடையில் பொய் சொல்ல மாட்டான். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவர் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சந்தேகப்பட மறந்துவிட்டார்.

எண்பத்து மூன்று சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நாம விக்கறது விமானம் இல்ல. விமானம் யார் வேணா வாங்கலாம். வாயத் தொறக்காம இருக்கறதைத்தான் நாம விக்கறோம். இந்த அறைலேருந்து பேச்சு வெளிய போயிருக்கு. யாருன்னு தெரியாம நான் இந்தக் கதவத் தொறக்கப் போறதில்ல" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பைலட்கூட. முதலாளி என்னைப் பார்க்காமல் என் மேசையைப் பார்த்துக்கொண்டு, "ஏம்மா, உன் தம்பி அந்த ஆலைலதானே பேக்கிங்ல இருக்கான்?" என்று கேட்டார்.

எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாய் நீளம்தான். யார் வீட்டில் என்ன சண்டை, யார் புதுச் செருப்பு கடிக்கிறது, எல்லாம் பேசுவேன். பயணி பேச்சு ஒன்று பேசியிருப்பேனா? "நான் இல்ல சார்" என்றேன். நான் சொன்னது எனக்கே பொய் மாதிரி கேட்டது. அக்காவைப் பார்த்தேன். உலகத்தில் யாரை நம்பாவிட்டாலும் என்னை முதலில் நம்பாதவர் அவர்தான். அவரும் தலையாட்டிவிடுவார் என்று நினைத்தேன்.

"நாளைலேருந்து நீங்க வர வேண்டாம்" என்றார் எண்பத்து மூன்று என்னிடம்.

"அவ இல்ல. நான்" என்றார் அக்கா.

முதலாளி சிரித்துவிட்டார். "இவங்களா? வீட்டு விலாசத்தையே கம்பெனிக்குச் சொல்ல இவங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு."

எண்பத்து மூன்று தலையை அசைத்தார். "அந்தப் பொண்ணைக் காப்பாத்தப் பாக்கறீங்க. நல்ல மனசு. ஆனா நான் நம்பல."

"நீங்க எடையைச் சரியா சொன்னப்ப நான் உங்களை நம்பல. இப்ப நீங்க என்னை நம்பல. சரிக்குச் சரி" என்று சொல்லிவிட்டு அக்கா மாமாவுக்குப் போன் போட்டார்.

பள்ளிக்கூடம் பக்கம்தான். முழங்கை வரை ஈரத்தோடு, கையில் ஒரு குழாய் மரையைப் பிடித்தபடியே மாமா வந்து நின்றார். என்ன நடக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. கேட்டதற்கெல்லாம் அப்படியே பதில் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அவ என்கிட்ட மட்டும்தான் சொன்னா சார். ஊருக்குச் சொன்னது நான். அவ மேல தப்பு இல்ல" என்றார். மனைவியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மாட்டிவிட்டார், பாவம். அந்த முகத்தைப் பார்த்த யாரும் அது பொய் என்று சொல்ல முடியாது.

எண்பத்து மூன்று அக்காவிடம், "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னது ஒருத்தர்கிட்ட. இந்தப் பொண்ணும் அவ தம்பிகிட்டச் சொல்லியிருக்கலாமே. சொல்லலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"ஏன்னா நான் அவளைச் சந்தேகப்பட்டேன் சார்" என்றார் அக்கா. "சேந்த முதல் நாள்லேருந்து. வாயப் பாத்தாலே தெரியுமே, இதுல ரகசியம் எங்க தங்கும்னு. அதனால ஒரு கதை கட்டி அவ காதுல போட்டேன். எழுபத்தாறுக்கு இன்னொரு குடும்பம் இருக்குன்னு. அந்த மனுஷனுக்கு இருக்கறது ஒரே குடும்பம், அதுவே அவருக்கு அதிகம். ஊர்ல யார் வாய்லேருந்தாவது அது திரும்பி வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கடைல, பஸ்ல, அவ தம்பிகிட்டகூட ஒரு தடவை பேச்சுக் கொடுத்துப் பாத்தேன். ஆறு வருஷமாச்சு. இன்னும் வரல."

ஒரு பாவமும் அறியாத காகித வியாபாரியின் முகத்தைப் பார்க்காமல் ஆறு வருஷம் காபி கொடுத்திருக்கிறேன். அந்த நிமிஷம் அக்காவைக் கட்டிக்கொள்வதா, கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பதா என்று தெரியாமல் நின்றேன். என்னைத் தெரிந்தவர்கள், என்னிடம் பிரியமாகப் பேசினவர்கள், அத்தனை பேரும் ஒரு நொடியில் என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டார்கள். என்னை நம்பாமல் பின்னாலேயே வேவு பார்த்தவர் ஒருத்தர்தான் எனக்காகச் சாட்சி சொல்ல நின்றார்.

என் வேலை நிலைத்தது. அக்காவின் வேலை போயிற்று. எண்பத்து மூன்று அதில் இறங்கி வரவில்லை. அவர் சொன்னது நியாயம்தான் என்று அக்காவே சொன்னார். மாமாவை ஆலையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. யாரும் விற்காத ஆலைக்குப் பயந்து வேலையை விட்ட மனிதர் இப்போதும் பள்ளிக்கூடத்துக் குழாய்களோடுதான் மல்லுக்கட்டுகிறார். இரண்டு மாதம் வீட்டில் கஷ்டம். அப்புறம் நெடுஞ்சாலையில் லாரிகளை எடை போடுகிற மேடையில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. "சரக்கு எவ்வளவுன்னு கேட்டா ஒருத்தனாவது உண்மை சொல்றானா பாரு" என்றார் போனில். குரலில் ஒரு நிம்மதி.

எங்களை விட்டுப் போன அன்று அவர் யாரிடமும் விடைபெறவில்லை. சீப்பையும் தைலத்தையும் பையில் போட்டுக்கொண்டு, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். கண்ணாடிக் கதவுப் பக்கம் நடந்தார். வழக்கம்போலச் சுவரை ஒட்டிப் போவார் என்று பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தேன். அவர் நேராகப் போய் நீல விரிப்பின் நடுவில் ஏறி நின்றார்.

"எவ்வளவுடி?" என்றார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

குனிந்து திரையைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிறைந்து எண் கலங்கித் தெரிந்தது. துடைத்துக்கொண்டு படித்துச் சொன்னேன், "அறுபத்தெட்டு அக்கா, பையோட."

வந்து பார்ப்பார் என்று நினைத்தேன். கவுண்டரைச் சுற்றி வந்து, என்னைத் தள்ளிவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்ப்பார் என்று நினைத்தேன்.

"சரி" என்றார். நான் பொத்தானை அழுத்தினேன். அக்கா வெளியே போனார்.